ஜட்ஜம்மாவும் மஞ்சள் கல்லும்

என் தங்கையை நான் கிட்டத்தட்டக் கொன்றிருப்பேன். கோபத்தில் இல்லை, பிரியமாகத்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள்.

கடற்கரையில் கல் பொறுக்குகிறவர்கள் நாங்கள் ஒரு இருபது பேர். மாதம் ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். அவரவர் கண்டெடுத்ததை மேசைமேல் கொட்டுவார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, விளக்கில் திருப்பிப் பார்த்து, இது சூரியகாந்தக் கல், இது வெறும் செங்கல், இது பாட்டில் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போவேன். மூன்று வாரம் பஞ்சில் பொத்தி வைத்திருந்த பச்சைக் கல்லை நான் "சோடா பாட்டில்" என்றதும் ஒருவர் முகம் செத்துப்போய், அப்புறம் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது அவர்தான். கிண்டலுக்குத்தான் வைத்தார். நான் அதைப் பட்டமாக வாங்கி மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. இருபத்திரண்டு வருடமாகத் தேய்க்கிறேன். எந்தத் தூளில் எதைத் தேய்த்தால் எவ்வளவு போகும் என்று கைக்கே தெரியும். அந்தக் கொழுப்பும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். "நீ கல்லைத் தேய்க்கிறே, நான் பல்லைத் தேய்க்கிறேன், ரெண்டு பேரும் தூசியைத்தான் தின்னுட்டு இருக்கோம்" என்பார்.

தங்கை என்னைவிட ஒன்பது வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா போனபிறகு அவளை நான்தான் வளர்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள் என்பதைச் சொல்லமாட்டேன். கல் பொறுக்க அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. நான் முன்னால் போவேன், அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புயல் அடித்து ஓய்ந்த மறுநாள். புயலுக்குப் பிறகுதான் அம்பர் ஒதுங்கும். அம்பர் என்றால் மரப்பிசின். லட்சக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகிப்போனது. தேன் நிறத்தில், தொட்டால் கதகதப்பாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு துண்டு கிடைத்தவர் ஒரு மாதம் தரையில் நடக்கமாட்டார்.

தங்கை பாசிக்குவியலுக்குள்ளிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கட்டைவிரல் பருமன். மஞ்சள். உள்ளே வெளிச்சம் லேசாக ஊடுருவியது.

"அக்கா, இது என்னன்னு பாரேன்."

நான் வாங்கிப் பார்த்தேன். முன்பல்லில் மெதுவாகத் தட்டினேன். கண்ணாடியாக இருந்தால் 'டிக்' என்று கேட்கும். கேட்கவில்லை, மெத்தென்று இருந்தது. "அம்பர்" என்றேன்.

"கொஞ்சம் கனமா இருக்கிற மாதிரி இல்ல?"

"ஈரமா இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்."

"இல்லக்கா, உன்னோட துண்டெல்லாம் கையில வச்சா இருக்கிறதே தெரியாது. இது..."

"நாலு வருஷம் வாளி தூக்கினா எடை பாக்க வந்துருமா? நான் சொன்னா சொன்னதுதான். வாளியில போடு."

அவள் சிரித்துக்கொண்டே கடல்தண்ணீர் இருந்த வாளியில் போட்டாள். நாங்கள் படியேறி மேலே வந்தோம். படிக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. பழைய போர்க்காலத்துக் குண்டுகளிலிருந்து கசியும் பாஸ்பரஸ் கட்டி கட்டியாகக் கரை ஒதுங்கும், பார்ப்பதற்கு அம்பர் போலவே இருக்கும், ஈரமாக இருக்கிறவரை சும்மா கிடக்கும், காய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும், மஞ்சள் கற்களைத் தொடாதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். வாரா வாரம் அதைத் தாண்டித்தான் போகிறோம். அது விடுமுறைக்கு வந்து கால் நனைக்கிறவர்களுக்காக வைத்தது என்பது என் எண்ணம். ஜட்ஜம்மாவுக்கு எதற்குப் பலகை?

வீட்டின் பின்பக்க அறையில் என் உருட்டு மெஷின் இருக்கிறது. ஒரு மோட்டார், இரண்டு உருளை, அதன்மேல் படுத்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும் ரப்பர் டிரம். கல்லையும் தூளையும் தண்ணீரையும் போட்டு மூடி ஓடவிட்டால், கல்லோடு கல் உரசி, நாட்கணக்கில் கூர்போய் வழவழப்பாகும். அம்பர் மென்மையானது. கடினமான கற்களோடு போட்டால் மாவாகிவிடும். அதனால் என்னிடமிருந்த பதினொரு துண்டுகளோடு தங்கையின் துண்டை மட்டும் சேர்த்து, நயமான தூளைப் போட்டு, மெதுவாக ஓடவிட்டேன். வியாழக்கிழமை திறந்தபோது என் துண்டுகள் எல்லாம் மினுங்க ஆரம்பித்திருந்தன. அவளுடையது மட்டும் மெழுகுவத்தித் துண்டு மாதிரி மங்கலாக, பாதியாகத் தேய்ந்து கிடந்தது. இளசான பிசின், அதுதான் சீக்கிரம் கரைகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் நான் தீர்ப்புச் சொல்வேன்.

அறையில் பூண்டு வாசனை அடித்தது. "அடுப்பில பூண்டைக் கருக்கிட்டீங்களா?" என்று வீட்டுக்காரரைச் சத்தம்போட்டேன். "நான் இன்னிக்கு அடுப்பங்கரைப் பக்கமே போகலையே" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கை வந்தாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை மேற்பார்வை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டவேண்டுமாம். டிரம்மிலிருந்து அவள் துண்டை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். அவள் கூட்டை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் கனமாத்தான் தெரியுதுக்கா."

"தலையிலயா சுமக்கப் போற? நாளைக்குக் காலையில துணியை எடுத்துட்டு நல்லா ஒத்தி, காயவிடு. அப்புறம் கூட்டோட சட்டைப் பையில போட்டுக்கோ. உடம்புச் சூடு பட்டா அம்பருக்குத் தனிக் களை வந்துரும்."

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் இதைச் செய்வார்கள். கண்டெடுத்த அம்பரை நாலு நாள் உடம்போடு வைத்துக்கொண்டு திரிவோம். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை என் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பேன் என்று எண்ணவே முடியாது.

சனிக்கிழமை காலை டிரம்மைக் காலிசெய்தேன். தண்ணீரை வடித்து, பதினொரு துண்டையும் கையாலேயே தேய்த்துக் கழுவி, ஜன்னல் விளிம்பில் ஒரு துணி விரித்துப் பரப்பினேன். நல்ல வெயில். அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தை இறக்கி வைத்தபோது மறுபடியும் பூண்டு வாசனை. இந்தத் தடவை வீட்டுக்காரர் என் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பூண்டு வாசனை வருதா உங்களுக்கு?"

"ரெண்டு நாளா வருது. நீதான் என்னமோ மருந்து பண்றேன்னு நினைச்சேன்."

பின்பக்க அறைக்குப் போனேன். விரித்த துணியின் ஒரு மூலையிலிருந்து வெள்ளைப் புகை நூல் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. என் துண்டுகளில் ஒன்றின் பள்ளத்தில் மெழுகு போல எதுவோ அப்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. துணி பற்றியது. திரைச்சீலையின் ஓரம் பற்றியது.

வீட்டுக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்து கொட்டினார். அணைந்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள், தண்ணீர் வழிந்துபோன இடத்தில் மறுபடியும் புகை கிளம்பியது.

"என்ன எழவுடி இது? அணைச்சாலும் எரியுது!"

அப்போதுதான் எனக்குச் சிவப்பு எழுத்து ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. காய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்ததற்கே இந்தக் கதி. முழுக்கட்டியும் தங்கையிடம் இருக்கிறது. துணியை எடுத்துவிட்டு, காயவைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நெஞ்சுக்கு நேராக.

போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மணி ஒன்பது ஐம்பது. ஒன்பதரைக்குப் பரீட்சை தொடங்கியிருக்கும். மேற்பார்வை செய்கிறவர்களின் போனையெல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்கூட அலுவலகத்துக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"நீங்க தீயணைப்புக்குச் சொல்லுங்க. அந்த ஜன்னல் மேல தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க. காய விட்டுராதீங்க" என்று கத்திவிட்டு, இன்னொரு வாளியில் பாதித் தண்ணீர் பிடித்து, அதில் ஒரு பெரிய துணித்துண்டை முக்கி, தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை. பிறகு பார்த்தால் போட்டுத்தான் இருந்தேன், ஒன்று வீட்டுக்காரருடையது.

பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. ஐம்பத்திரண்டு வயதில் வாளியோடு ஓடினால் எத்தனை நிமிடம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீர் காலில் அடித்தது. சலவைக்கடைக்காரர் "என்னம்மா, குழாயில தண்ணி வரலையா?" என்று கேட்டார். என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன். உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? நன்றாக உப்பைக் கரைத்த தண்ணீரில் அம்பர் மிதக்கும், மற்றதெல்லாம் முழுகும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற சோதனை அது. நான் செய்து எத்தனையோ வருடம் ஆகிறது. கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிறவளுக்கு உப்பு எதற்கு?

வழியில் வலதுகை விரல்நுனி சுருக்கென்று எரிந்தது. காற்றில் காய்ந்த விரலிடுக்கிலிருந்து மெல்லிய புகை. கையாலேயே அல்லவா தேய்த்துக் கழுவினேன். கையை வாளிக்குள் விட்டேன், எரிச்சல் அடங்கியது. அதற்குப் பிறகு இடதுகையால் வாளியைத் தூக்கி, வலதுகையை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடினேன்.

பள்ளிக்கூட வாசல் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே நாற்காலியில் வாசல் காவலர்.

"கதவைத் திறங்கண்ணே. என் தங்கச்சியைப் பாக்கணும். கணக்கு டீச்சர்."

"பரீட்சை நடக்குதும்மா. பன்னிரண்டரைக்கு வாங்க."

"அவ பையில நெருப்பு இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வாளிக்குள்ளிருந்த கையைப் பார்த்தார். "நெருப்பா? பையிலயா?"

"கல்லுண்ணே. கல்லு மாதிரி இருக்கும். காஞ்சா எரியும்."

"கல்லு எரியுமா?" அவர் குரல் தணிந்தது. சித்தம் கலங்கியவர்களிடம் பேசுகிற தணிவு. "அம்மா, இப்படி நிழல்ல உக்காருங்க. வீட்டு நம்பர் இருந்தா சொல்லுங்க, நான் பேசறேன்."

"நான் பைத்தியம் இல்ல!"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா."

"ஆபீசுக்காவது சொல்லி விடுங்க!"

"ஆபீஸ்லயும் எல்லாரும் ஹால்லதான் இருக்காங்க. நடுவில யாரும் உள்ள போகக் கூடாதுன்னு உத்தரவு. என் வேலை போயிரும்மா."

எவ்வளவு நியாயமான மனிதர்! நானாக இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன். அவர் தன் வேலையில் தீர்மானமாக இருந்தார். தீர்மானமாக இருப்பவர்களைப் பார்த்து எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. மாடியில் எந்த ஜன்னலிலிருந்து அலறல் கேட்கப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டே, வாளியைக் கீழே வைத்தேன். கையை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, கம்பிக்குள் நீட்டினேன்.

"பாருங்க" என்றேன்.

இரண்டு பேரும் என் கையையே பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் விரல்களை விரித்து வாயால் ஊதினேன். ஆள்காட்டி விரல் நகத்தடியிலிருந்து புகை வந்தது. பிறகு நடுவிரலிலிருந்து. நகத்துக்குள் பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செருகியது போல வலி. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நகத்தோரம் கருத்துச் சுருங்கியபிறகுதான் அவர் "ஐயோ, தண்ணியில விடும்மா, தண்ணியில விடு!" என்று கத்திக்கொண்டு சங்கிலியை அவிழ்த்தார். நான் கையை முக்கி எடுத்ததும் வாளியையும் அவரே வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

இரண்டாவது மாடி. கோடியில் இருந்த வகுப்பு. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தங்கை பெஞ்சுகளுக்கு நடுவில் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். சட்டையின் மேல்பை புடைத்திருந்தது. கூட்டின் முனை வெளியே தெரிந்தது, என் கடைப் பெயர் அச்சடித்த அதே கூடு.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். "அக்கா? நீ எப்படி..." என்றாள். நான் அவள் பையிலிருந்து கூட்டைப் பிடுங்கி, காவலர் கையிலிருந்த வாளிக்குள் முக்கி, அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈரத்துண்டை எடுத்து அவள் நெஞ்சில் போட்டு அழுத்தினேன். அவள் தொப்பலாக நனைந்து நின்றாள். கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

வாளிக்குள் கூடு திறந்துகொண்டது. அவளுடைய வாசிப்புக் கண்ணாடி மிதந்து, சாய்ந்து, அடியில் போய் உட்கார்ந்தது.

அவள் என்னை வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். காவலர் வாளியை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு வகுப்பு வாசலில் நின்றுகொண்டார்.

"கல்லு எங்கடி?" என்றேன்.

"எந்தக் கல்லு?"

"நான் குடுத்தது. மஞ்சள் கல்லு. அது அம்பர் இல்லடி. பாஸ்பரஸ். காஞ்சா எரியும். எங்க வச்சிருக்கே? பையிலயா? மேசையிலயா?"

அவள் முகம் வெளுத்தது. "வீட்டுல இருக்கு."

"வீட்டுல எங்க?"

"தண்ணிக்குள்ள. உப்புத் தண்ணியில, கண்ணாடி ஜாடியில. மூடி போட்டு, கதவையும் பூட்டிட்டுத்தான் வந்தேன். வீட்டுல யாரும் இல்ல."

நான் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. பிழைத்தாள், பிழைத்தாள் என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் குந்தி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகத்தடியிலிருந்து மறுபடியும் புகை. சட்டென்று வாளியை இழுத்து, கையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"நேத்து ராத்திரி போட்டுப் பாத்தேன்" என்றாள். "எனக்கு அந்தக் கனம் மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது. உப்பைக் கரைச்சுப் போட்டேன். நேரா அடியில போயிருச்சு. இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். அப்பவும் எழும்பல. சரி, அம்பர் இல்ல, வேற என்னவோன்னு அப்படியே விட்டுட்டேன்."

நான் கண்ணைத் துடைத்தேன். என் குணம் அப்போதும் அடங்கவில்லை. "அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? முழுகிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

அவள் என் கையைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே இருந்தாள்.

"போனைக் கையில எடுத்தேன்கா" என்றாள். "நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். உப்பு பத்தலடி, போட்டுக் குழப்பிக்காம எடுத்துத் தொடச்சுப் பையில வையின்னு சொல்லுவே."

நான் வாளியின் அடியில் கிடந்த அவள் கண்ணாடியை இடதுகையால் எடுத்தேன்.

"நீ சொன்னா நானும் தொடச்சு வச்சிருப்பேன்" என்றாள் தங்கை. "அதான் பண்ணல."